கசெற்றின் மற்றப் பக்கம்

தெல்லிப்பழையில் கணிதம் படிப்பிக்கிற ஏர்னெஸ்ட் மாஸ்ரருக்கு நாற்பத்தொரு வயதில் விசர் பிடித்தது. ஊர் அப்படித்தான் சொன்னது, ஊரை மறுத்துச் சொல்ல என்னாலும் முடியாது. பள்ளிக்கூடம் விட்டு வந்து, போட்டிருந்த சேட்டைக்கூடக் கழற்றாமல், ரீவீக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு குந்துவார். சமைத்துப் போட வருகிற பூரணம் தேத்தண்ணி கொண்டுவந்து வைப்பா. அது ஆறி ஆடை கட்டும். பிறகு அவவே வந்து அதை எடுத்துக்கொண்டு போய் வாழைக்கு ஊற்றுவா.

"வாழை நல்லாய் வருகுது ஐயா, சீனித் தேத்தண்ணி குடிச்சு," என்பா. மாஸ்ரருக்கு அது காதில் ஏறாது.

எல்லாத்துக்கும் காரணம் ஒரு பெட்டி. மாஸ்ரரின் மனிசி பியாட்றிஸ் மஸ்கட்டில் நேர்ஸ். இரண்டு வருச ஒப்பந்தத்தில் போனவ, எண்பத்தாறாம் ஆண்டு ஜூலையோடு அது முடிகிறது. பிள்ளைகள் இல்லை. தனிய இருக்கிற மனிசன் பொழுதுபோகாமல் கஷ்டப்படுவார் என்று, தைப்பொங்கலோடு லீவில் வந்த ஒருத்தியிடம் ஒரு கொம்பியூட்டர் கொடுத்துவிட்டா. ரைப்றைற்றர் மாதிரி எழுத்துக் கட்டைகள் உள்ள பெட்டி. ஒரு வயரை ரீவீயில் கொழுவ வேண்டும், மற்ற வயரைக் கசெற் றெக்கோடரில் கொழுவ வேண்டும். "பிள்ளையளுக்குக் கணக்குப் படிப்பிக்க உதவும்" என்று கடிதத்திலும் எழுதியிருந்தா. பாவம், நல்ல மனசோடுதான் எழுதினா. ஆனால் கூட வேலை செய்கிற பிலிப்பைன்ஸ்காரி ஒருத்தி, "உன்ரை அவருக்கு" என்று ஒரு விளையாட்டுக் கசெற்றையும் பெட்டிக்குள் போட்டுவிட்டாள். கணக்கு அன்றோடு சரி.

அந்த விளையாட்டில் ஒரு பெரிய தேசம். அந்தத் தேசத்து ராசாவின் மணிமுடியை ஒரு மந்திரவாதி கொண்டுபோய் மலையில் ஒளித்துவைத்திருக்கிறான். நீங்கள் ஒரு வீரன். முடியை மீட்டுக்கொண்டு வர வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஆனால் உடனே போக வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை. வடக்கே போகலாம், தெற்கே போகலாம், காட்டுக்குள் போகலாம், வள்ளம் எடுத்துக்கொண்டு கடலுக்குப் போகலாம். ஒருத்தனும் மறிக்கமாட்டான். அங்கேதான் மாஸ்ரர் விழுந்தார்.

விழாமல் என்ன செய்வார்? முன்பெல்லாம் சனிக்கிழமை என்றால் சைக்கிளை எடுத்துக்கொண்டு காங்கேசன்துறைக்குப் போய்க் கடலில் ஒரு முழுக்குப் போட்டுவிட்டு வருகிற மனிசன். இப்போது துறைமுகத்துப் பக்கம் ஆமி காம்ப், அந்தப் பக்கம் தலைகாட்ட முடியாது. இந்தப் பக்கம் இயக்கப் பெடியளின் காவல் சென்றி, எங்கே போறியள் மாஸ்ரர் என்று மரியாதையாகத்தான் கேட்பார்கள், ஆனாலும் கேட்பார்கள். இரண்டுக்கும் நடுவில், பள்ளிக்கூடம், சேர்ச், வீடு என்று ஆளின் உலகம் சுருங்கிப் போயிருந்தது. அந்த நேரத்தில் ஒரு முழுத் தேசத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, போ அப்பா, நடந்து திரி என்றால் ஆர்தான் போகாமல் விடுவான்?

ரீவீ கறுப்பு வெள்ளை. அதில் காடும் சாம்பல், கடலும் சாம்பல். காடு என்று நினைத்துக் கடலுக்குள் நடந்து முதல் கிழமையில் மூன்று தரம் தாண்டு செத்தார். அதற்குப் பிறகு கணக்குக் கொப்பியில் சதுரம் சதுரமாகப் படம் கீறத் தொடங்கினார். மாசி முடிவதற்குள் நாற்பத்துமூன்று படம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் சோதனைத் தாள்கள் அலுமாரிக்குமேல் தூசி பிடித்துக் கிடந்தன.

வழியில் காண்கிற சனங்களோடு கதைக்கவும் முடியும். எழுத்தில் கேட்டால் எழுத்தில் பதில் வரும். மாஸ்ரர் நம்மடை ஆள் அல்லவா, ஒவ்வொருத்தரிடமும் முதலில் பேர், பிறகு என்ன உத்தியோகம், பிறகு எந்த ஊர் என்று வரிசையாகக் கேட்டார். பேரும் உத்தியோகமும் சொன்னார்கள். எந்த ஊர், ஆரின்ரை பிள்ளை என்றால் மட்டும் "விளங்கவில்லை" என்று வந்தது. "உது என்ன சனமப்பா," என்று மாஸ்ரருக்கு மனவருத்தம்.

இந்தக் கூத்தை நிறுத்தத்தான் ஐசாக் வந்தார். ஐசாக் அதே பள்ளிக்கூடத்தில் பௌதிகம் படிப்பிக்கிறவர், சேர்ச்சின் மதுவிலக்குச் சங்கத்துக்குச் செயலாளர். வந்து பார்த்தால், அதே சங்கத்தின் தலைவர் ஏர்னெஸ்ட் ரீவீக்குள் ஒரு தவறணையில் நின்று எல்லாருக்கும் சாராயம் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

"என்ன காணும் இது! உமக்கு வெக்கமில்லையே?"

"குடிச்சால்தான் உவங்கள் கதைக்கிறாங்கள் ஐசாக். மலைக்குப் போற வழி தவறணைக்காரனுக்குத்தான் தெரியுமாம். நான் ஒரு சொட்டும் தொடேல்லை, பாரும்."

ஐசாக் அரை மணித்தியாலம் புத்தி சொன்னார். அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில், இன்ரவல் நேரம், மாஸ்ரரின் காதுக்குக் கிட்ட வந்து, "அந்தத் தவறணைக்காரன் பேந்து ஏதும் சொன்னவனோ?" என்று மெதுவாகக் கேட்டார். அன்றிலிருந்து கதிரை இரண்டாகிவிட்டது. ஆறுகிற தேத்தண்ணியும் இரண்டு. வாழைக்குக் கொண்டாட்டம்.

மந்திரவாதியிடம் மட்டும் இரண்டு பேரும் போகவில்லை. ஒரு கிழவியின் தொலைந்த ஆட்டைத் தேடிக் கொடுத்தார்கள், ஒரு மீன்காரனுக்கு வலை வாங்கிக் கொடுத்தார்கள், ஒரு தீவு முழுக்கச் சுற்றி அங்கே ஒன்றுமில்லை என்று கண்டுபிடித்தார்கள். ராசாவின் அலுவல் நாளைக்கு, நாளைக்கு என்று போனது. எத்தனை மாசம் கழித்து வந்தாலும் ராசா ஒரு சொல் கோபிக்கமாட்டார். அதுதான் அந்த விளையாட்டின் சுகம், அதுதான் அதன் கேடும்.

இப்போது கசெற் கதைக்கு வருகிறேன், இதை வடிவாகக் கேளுங்கோ. வெளிநாட்டில் ஆள் இருக்கிற வீடுகளில் அப்போது கசெற்றில்தான் கதை பேச்சு. பியாட்றிஸ் ஒரு பக்கத்தில் கதைத்து அனுப்புவா. மாஸ்ரர் மற்றப் பக்கத்தில் பதில் கதைத்து அதே கசெற்றைத் திருப்பி அனுப்புவார். முதல் பக்கம் அவவுடையது, மற்றப் பக்கம் இவருடையது. இரண்டு வருசமாக அதில் ஒரு மாற்றமும் இல்லை.

மே மாதக் கடைசியில் ஒரு கசெற் வந்தது. வழக்கம்போல மாஸ்ரரும் பூரணமும் ஹோலில் இருந்து கேட்டார்கள். அங்கத்தைய வெக்கை, வார்ட்டில் நடந்த பகிடி, பிறகு அக்கம்பக்கத்தார் ஒவ்வொருவரையும் பேர் சொல்லிக் கேட்கிற பட்டியல். அந்தப் பட்டியல் தொடங்கினால் கசெற் முடியப்போகிறது என்று அர்த்தம். "பூரணத்தை நான் வலுவாய் விசாரிச்சதாய்ச் சொல்லுங்கோ" என்றதும் பூரணம் பூரித்துப்போய்க் குசினிக்கு எழும்பிப் போய்விட்டா. மாஸ்ரரின் கை உடனே ஸ்ரொப்பை அமத்தியது. விளையாட்டில் அன்றைக்குத்தான் தீவுக்கு வள்ளம் எடுக்கிற நாள், அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

விளையாட்டை நிற்பாட்டினால் அன்றுவரை நடந்ததைக் கசெற்றில் பதிந்துவைக்க வேண்டும், இல்லாவிட்டால் எல்லாம் போய்விடும். பதிய மூன்று நிமிசம். அன்றைக்குப் பதிய வெறும் கசெற் கையில் இல்லை. றெக்கோடருக்குள் பியாட்றிஸின் கசெற் கிடந்தது. மற்றப் பக்கம் தன்னுடையது தானே என்று திருப்பிப் போட்டுப் பதிந்தார். கணக்கு வாத்தியார் அல்லவா, ஒன்றின்மேல் ஒன்று பதியாமல் நாளுக்கு ஒன்றாக, ஒன்பது நாள், ஒன்பது பதிவு. கசெற்றில் இடமில்லாததால் பதிலை எயர்லெற்றரில் எழுதி அனுப்பினார். சுகம், வெயில், பூரணம் சுகம், வாழை நல்லாய் வருகுது.

ஜூன் நடுவில் பியாட்றிஸின் கடிதம் வந்தது. நாலே வரி. "நான் கேட்டதுக்கு நீங்கள் ஒரு பதிலும் எழுதேல்லை. இஞ்சை இந்த மாத முடிவுக்கிடையிலை நான் சொல்ல வேணும். தந்தி அடிச்சாலும் போதும்."

"என்ன கேட்டவ?" என்று மாஸ்ரர் பூரணத்தைப் பார்த்தார்.

"என்னைக் கேட்டால்? என்னை விசாரிச்சவ, அது மட்டும்தான் எனக்குத் தெரியும்."

கசெற்றைத் தேடி எடுத்து முதல் பக்கத்தை மறுபடி போட்டார். பட்டியல் முடிந்தது. பிறகு பியாட்றிஸின் குரல், தணிந்த குரல்: "இஞ்சாருங்கோ, மிச்சத்தை மற்றப் பக்கத்திலை சொல்லுறன். அது உங்களுக்கு மட்டும். பூரணம் வீட்டை போன பிறகு, ஆறுதலாய் இருந்து கேளுங்கோ."

மாஸ்ரரின் முகம் பேயறைந்த மாதிரிப் போய்விட்டது. மற்றப் பக்கத்தைப் போட்டார். கீ... என்று ஒரு கீச்சுச் சத்தம். கொம்பியூட்டரின் பாஷை. ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒன்பது தரம், இருபத்தேழு நிமிசம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். பூரணம் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றா. ஒன்பதும் முடிந்ததும் பியாட்றிஸ் வந்தா. அழுது முடித்த குரல்.

"...அவ்வளவுதான். எனக்கு வேறை ஆரிட்டையும் கேக்க ஏலாது. நீங்கள் ஓம் எண்டால் ஓம். இல்லை எண்டால் இல்லை. யோசிச்சுச் சொல்லுங்கோ."

பிறகு வெறும் இரைச்சல்.

"அம்மாட்டையே கேளுங்கோவன் ஐயா," என்றா பூரணம். "அழிஞ்சு போச்சு, என்ன கேட்டனீர் எண்டு ஒரு தந்தி அடியுங்கோவன்."

எவ்வளவு சுலபமான வழி! ஆனால் மாஸ்ரருக்கு அது தொண்டைக்குள் இறங்கவில்லை. ஏனென்றால் கலியாணம் முடித்த நாள் தொடக்கம் பியாட்றிஸுக்கு அவரில் ஒரே ஒரு குற்றச்சாட்டுத்தான்: நான் சொல்லுறது உங்கடை காதிலை விழுறேல்லை. பதினாலு வருசமாக அவர் அதை மறுத்து வாதாடி வந்திருக்கிறார். இப்போது போய், நீர் அழுது கதைச்சதுக்கு மேலை நான் ஆடு தேடின கதையைப் பதிஞ்சிட்டன் என்று எப்படி எழுதுவார்? வெட்கம் பிடுங்கித் தின்றது.

ஐசாக்கைக் கூப்பிட்டு ஆலோசனை. மனிசர் இரண்டு பேரும் பரீட்சைக் கேள்வி மாதிரி அதை ஆராய்ந்தார்கள்.

"காணி வாங்கிற கதையாய் இருக்குமோ?" என்றார் மாஸ்ரர்.

"காணிக்கு ஏன் காணும் அழுறா?"

"தங்கச்சியின்ரை பிள்ளை ஒண்டை எடுத்து வளப்பமோ எண்டு முந்தியும் கேட்டவ."

"அப்ப ஓம் எண்டுறதுதான் சரி."

"விளையாட்டிலை எண்டால்," என்று மாஸ்ரர் பெருமூச்சு விட்டார், "முதல் பதிஞ்சு வைச்சிட்டு ஓம் எண்டு சொல்லிப் பாக்கலாம். பிழைச்சால் திரும்பி வந்து இல்லை எண்டலாம்."

"உம்மடை மனிசியிட்டை அப்பிடி ஏலாது," என்றார் ஐசாக். "நான் சொல்லுறன் கேளும். பொஞ்சாதி ஒண்டு கேட்டால் ஓம் எண்ட வேணும். நான் பதினெட்டு வருசமாய் அப்பிடித்தான். ஒரு கரைச்சலும் இல்லை."

அப்படியே தபால் கந்தோருக்குப் போய், தந்தி எடுக்கிற கனகலிங்கத்திடம் ஓம் என்ற ஒரு சொல்லை இங்கிலீசில் எழுதிக் கொடுத்தார். "இவ்வளவுதானோ மாஸ்ரர்?" என்று கனகலிங்கம் இரண்டு தரம் கேட்டார். இவ்வளவுதான். மாஸ்ரர் பாரம் இறங்கினவராக வீட்டுக்கு வந்தார், அன்று பின்னேரமே இன்னொரு தீவைக் கண்டுபிடித்தார்.

ஜூலை பன்னிரண்டாம் திகதி, சனிக்கிழமை. காலை தபாலில் மஸ்கட் கடிதம். இரண்டு கிழமைக்கு முன் எழுதினது. மாஸ்ரர் வாசல் படலையடியில் நின்றபடியே உடைத்து வாசித்தார்.

"உங்கடை தந்தி வந்தது. ஒரே ஒரு சொல்லு. நான் அரை மணித்தியாலம் கதைச்சனான். இஞ்சை இன்னும் இரண்டு வருசம் நில்லெண்டு கேக்கினம், எனக்கு ஏலாமல் கிடக்கு, வீடு வேணும் போலை கிடக்கு எண்டெல்லாம் சொல்லி அழுதனான். கடைசியிலை, நான் இன்னும் இரண்டு வருசம் நிக்கட்டோ எண்டு உங்களைக் கேட்டனான். நீங்கள், வேண்டாம் வாரும் எண்டு சொல்லுவியள் எண்டு நினைச்சு, சூட்கேசை இறக்கித் துடைச்சு வைச்சிட்டன். பறவாயில்லை. யோசிக்கச் சொன்னன், நீங்கள் யோசிச்சுத்தான் சொல்லியிருப்பியள். ஜூலை பதினாலு திங்கட்கிழமை கையெழுத்து வைக்கிறன். உங்களுக்கு அங்கை தனிய இருக்கிறது பழகிப்போச்சு எண்டு நினைக்கிறன்."

கடைசி வரியை மாஸ்ரர் மூன்று தரம் வாசித்தார். பிறகு சைக்கிளை எடுத்தார். வீட்டில் கட்டுகிற சாரத்தோடு ஏர்னெஸ்ட் மாஸ்ரர் றோட்டில் சைக்கிள் ஓடினதை ஊர் அன்றைக்குத்தான் முதல் முதல் கண்டது.

தபால் கந்தோர் பூட்டுகிற நேரம். பென்சன்காரர், முத்திரை வாங்க வந்தவர்கள் என்று ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். எல்லாரையும் விலத்திக்கொண்டு முன்னுக்குப் போனார். தந்திப் படிவத்தை எழுதாமலே கனகலிங்கத்திடம் திருப்பித் தள்ளினார்.

"நான் சொல்லுறன், நீர் எழுதும் கனகலிங்கம். கசெற்றின்ரை மற்றப் பக்கத்தை நான் கேக்கேல்லை."

கனகலிங்கம் நிமிர்ந்து பார்த்தார். "எழுதும்!" என்று மாஸ்ரர் கத்தினார்.

"கேக்கேல்லை. அதுக்குமேலை விளையாட்டைப் பதிஞ்சு அழிச்சிட்டன். என்ன கேட்டனீர் எண்டு தெரியாமல் ஓம் எண்டனான். என்ரை பதில் 'இல்லை' எண்டதுதான். கையெழுத்து வைக்க வேண்டாம். வாரும்."

வரிசை முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. தந்தியில் பிழை வரக்கூடாது என்று, எழுதினதை ஒருதரம் வாசித்துக் காட்டுகிறது கனகலிங்கத்தின் வழக்கம். கனகலிங்கத்துக்கு இயல்பிலேயே கணீரென்ற குரல். ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். மதுவிலக்குச் சங்கத் தலைவர், சேர்ச்சில் பைபிள் வாசிக்கிறவர், பதினாலு வருசம் மறுத்துவந்த குற்றத்தை ஏழெட்டுப் பேருக்கு முன்னால் கேட்டுக்கொண்டு நின்றார். ஆச்சரியம் என்னவென்றால், அந்த வெட்கம் ஒன்றும் செய்யவில்லை. பியாட்றிஸுக்கு ஒளித்த வெட்கத்தோடு பார்த்தால் இது எறும்புக்கடி.

"லைன் இண்டைக்கு நல்லாயில்லை மாஸ்ரர்," என்றார் கனகலிங்கம். இந்தத் தரம் மெதுவாகச் சொன்னார். "கொழும்பு கிடைக்குதில்லை. கிடைச்ச உடனை நான் அனுப்புறன், வீட்டை போகாமல் நிண்டு அனுப்புறன்."

ஞாயிற்றுக்கிழமை சேர்ச்சில் மாஸ்ரர் பைபிள் வாசிக்கவில்லை, கடைசி வாங்கில் இருந்தார். திங்கள், செவ்வாய், புதன். ரீவீக்கு முன்னால் கதிரை வெறுமையாகக் கிடந்தது. ஐசாக் ஒருதரம் வந்து, படலையில் கையை வைத்துக்கொண்டு, "நான்தான் ஓம் எண்டச் சொன்னனான்," என்றார். "கேக்காமல் விட்டது நான்," என்றார் மாஸ்ரர். ஐசாக் உள்ளே வராமல் திரும்பிப் போனார். பூரணம் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்த உடனே மாஸ்ரர் அதைக் குடித்தார். பூரணத்துக்கு அதுதான் பயத்தைக் கொடுத்தது.

வியாழக்கிழமை மத்தியானம் தந்தி வந்தது. கனகலிங்கமே சைக்கிளில் கொண்டுவந்து, கையில் கொடுத்துவிட்டு, நிற்காமல் போனார். இங்கிலீசில் நாலு வரி. தமிழில் சொன்னால் இவ்வளவுதான்:

திங்கள் விடிய கையெழுத்து வைச்சிட்டன். உங்கடை தந்தி பின்னேரம் வந்தது. இரண்டு வருசம். நீங்கள் விளையாட்டை ஆறுதலாய் முடியுங்கோ.

பூரணம் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு குசினி வாசலுக்கு வந்தா.

"அம்மா என்னவாம் ஐயா?"

"விளையாடட்டாம்," என்றார் மாஸ்ரர். "ஆறுதலாய்."

பகிடி விட வாய் திறந்த பூரணம் அவரின் முகத்தைப் பார்த்துவிட்டு அதை மூடிக்கொண்டா. மாஸ்ரர் நின்ற இடத்திலேயே நிலத்தில் குந்தினார். முதலில் சிரித்தார், பியாட்றிஸ் நையாண்டி பண்ணினால் அவர் எப்போதும் சிரிக்கிறவர். சிரிப்பு பாதியில் உடைந்தது. நாற்பத்தொரு வயது மனிசன், தந்தியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, பூரணம் நிற்கிறா என்றும் பாராமல் வாய்விட்டு அழுதார்.